மண்வெட்டியும் எங்கள் கைகளும்



மண்வெட்டி பிடிக்கவும் சொல்லித்தர வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்த பின் அவர்களுடைய காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அப்படித் திரும்பி வந்த, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாக விதையும் மண்வெட்டியும் வழங்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே அளவு மண்வெட்டி. ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கினேன். கையைப் பார்க்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். போரில் கணவரை இழந்தவர். வெங்காயம் நடவேண்டிய காணியில் கால்வாசிகூடக் கொத்தப்படவில்லை. மண்வெட்டி சுவரோடு சாய்ந்து கிடந்தது. 'ஆர்வம் இல்லை' என்று பதிவேட்டில் எழுத நினைத்தேன். அவர் தேநீரை நீட்டியபோதுதான் உள்ளங்கையைக் கண்டேன். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது பிள்ளை? எல்லாரும் கொத்தினம். என்ரை கைக்குத்தான் ஏலாமல் கிடக்கு. காணியைக் குத்தகைக்குக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன்."

அயல் காணியில் நின்ற முதிய தோட்டக்கார ஐயா ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் மண்வெட்டியின் பிடியைத் தடவிப் பார்த்தார். "இது பெரிய ஆம்பிளையின்ரை கைக்குச் செய்த பிடி. நெரிச்சுப் பிடிச்சால் மண் வெட்டுப்படாது பிள்ளை, கைதான் வெட்டுப்படும்" என்றார். பிடியைக் கத்தியால் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி மெலிதாக்கினார். பிறகு பிடிக்கும் விதத்தைக் காட்டினார்.

அன்று நாங்கள் கற்றது இதுதான். பிடியைச் சுற்றிப் பிடிக்கும்போது பெருவிரல் நுனி சுட்டுவிரல் நுனியைத் தொட வேண்டும். பெரும்பாலான கைகளுக்கு 3 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பு போதும். ஒரு கை பிடியின் நுனிப்பக்கம், மற்றக் கை அதற்கு முன்னால். மண்வெட்டியைத் தூக்கும்போது முன்கை இரும்புப் பக்கமாகச் சற்று நகர வேண்டும். இறங்கும்போது பின்னுக்கு வர வேண்டும். மணிக்கட்டு மடியக் கூடாது. முழங்காலைச் சற்று மடித்து நிற்க வேண்டும். இரும்பின் பாரமே மண்ணை வெட்டும். நாம் அதை வழிநடத்தினால் போதும். காய்ந்த செம்பாட்டு மண்ணோடு மல்லுக்கட்டாமல், முதல்நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கொத்துவது நல்லது.

செல்வந்தர்கள் விளையாடும் கோல்ஃபிலும் இதுவே முதற் பாடம் என்று பின்னர் வாசித்து அறிந்தேன். பந்தை அடிக்கக் கற்பதற்கு முன் மட்டையைப் பிடிக்கக் கற்பிக்கிறார்கள். 1896 முதல் 1914 வரை பிரித்தானியாவின் 'ஓப்பன்' போட்டியில் 6 தடவை வென்ற ஹரி வார்டனின் பெயராலேயே ஒரு பிடிமுறை அழைக்கப்படுகிறது. அங்கும் இறுக்கிப் பிடிப்பது பிழை. பெண்களுக்கென்று நீளம் குறைந்த, பிடி மெல்லிய மட்டைகள் விற்கிறார்கள். விளையாட்டுக்கே கையின் அளவு பார்க்கிறார்கள் என்றால், பிள்ளைகளின் சோற்றுக்காக மண் கொத்தும் பெண்ணின் கை அளவை நாம் பார்க்க வேண்டாமா?

கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள். சவர்க்காரத்தால் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். உடைந்த கையோடு மண்ணில் இறங்காதீர்கள். ஏற்புத் தடுப்பூசி பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். இன்னொன்று: நெடுங்காலம் மூடிக்கிடந்த காணியில், கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற உறுதி கிடைக்காமல் மண்வெட்டியை வைக்கவே வேண்டாம். சிவப்பு மண்டையோட்டு அடையாளம் உள்ள இடத்துக்குள் போகாதீர்கள்.

அந்த அக்கா காணியைக் குத்தகைக்குக் கொடுக்கவில்லை. கை ஆறிய பின் அந்தப் போகம் அரைப் பரப்பில் வெங்காயம் வைத்தார். அடுத்த போகம் இரண்டு பரப்பு. "என்ரை கையில பிழை இல்லை எண்டு தெரிஞ்சதே போதும் பிள்ளை" என்று ஒருநாள் சொன்னார்.

பிழை அவருடைய கையில் இருக்கவில்லை. கேட்காமல் கொடுத்த என்னில்தான் இருந்தது. இப்போது எந்தக் கருவியைக் கொடுக்கும் முன்னும் பெண்களைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். சகோதரிகளே, உங்களுக்குத் தரப்படும் மண்வெட்டி கைக்கு அடங்காவிட்டால் பேசாமல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். "இது என்ரை கைக்குப் பெரிசு" என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.