முத்திரையை நம்பி மோசம் போகலாமா?

நம் ஊர்க் கோர்ட்டு வாசலில் 'நோட்டரி' என்று பலகை மாட்டியிருப்பவரை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அவர் வெறுமே முத்திரை குத்துகிறவரல்லர். சாதாரணமாக அவர் வக்கீலாகவே இருப்பார். 1952-ஆம் வருஷத்து நோட்டரிகள் சட்டத்தையும் அதையொட்டி 1956-இல் ஏற்பட்ட விதிகளையும் அனுசரித்து, பல வருஷம் வக்கீல் தொழில் நடத்தியவர்களுக்கே பெரும்பாலும் அந்தப் பதவி கிடைக்கிறது. மெக்ஸிகோ முதலிய லத்தீன் அமெரிக்க தேசங்களிலோ, 'நோட்டாரியோ' என்பவர் இன்னும் பெரிய மனிதர். சட்டத்தில் தேர்ந்து, சர்க்காரின் நியமனம் பெற்றவர்.

இந்த மதிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் போய் இறங்குகிறவர்களுக்கு ஒரு பெரிய அபாயம் காத்திருக்கிறது. அங்கேயும் நோட்டரி உண்டு. ஆனால் ஒருவர் தமக்கெதிரே கையொப்பமிட்டார் என்பதற்குச் சாட்சியாக முத்திரையிடுவதே முக்கியமாக அவருடைய வேலை. பெரும்பாலான ராஜ்யங்களில் அதற்குச் சட்டப் படிப்பே வேண்டியதில்லை. பெயர் ஒன்று, அதிகாரம் வேறு! இந்த இடைவெளியிலேதான் மோசக்காரர்கள் கடை விரித்திருக்கிறார்கள். 'நோட்டாரியோ' என்ற சொல்லை விளம்பரத்தில் போடக்கூடாதென்று காலிபோர்னியா, டெக்ஸஸ் முதலிய ராஜ்யங்கள் சட்டமே செய்திருக்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கார் வக்கீல் கொடுக்காத வழக்கு

கிரிமினல் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டுமென்று அமெரிக்க உயர்தர நீதிஸ்தலம் 1963-இல் தீர்ப்பளித்தது. நாடு கடத்தும் வழக்கோ சிவில் வழக்கு என்று கருதப்படுகிறது. அதிலே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் சர்க்காருக்குச் செலவில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப் பக்கத்தில் சர்க்காருடைய வக்கீல் நிற்பார். இந்தப் பக்கத்திலே, பாஷை தெரியாத தாயாரோ அறியாச் சிறுவனோ தனியே நிற்கும்படி நேரலாம். அந்த நிலையில் "நான் இருக்கிறேன், கவலை வேண்டாம்" என்று சொல்லுகிறவர் தெய்வமாகத் தோன்றுவதில் ஆச்சரியமென்ன?

அவர் செய்யும் காரியம் என்ன? "வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வாங்கித் தருகிறேன்" என்று பணத்தைப் பெற்றுக்கொள்வார். பிறகு, வந்தவருக்குத் தெரியாமலே அவர் பெயரால் அடைக்கலம் கோரும் மனு ஒன்றை எழுதிப் போட்டுவிடுவார். சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்தென்று அதில் கதை கட்டியிருக்கும். அடியிலே கையொப்பம் மட்டும் வந்தவருடையது. சத்தியப் பிரமாணமாக இட்ட கையொப்பம்! விசாரணையில் அந்தக் கதை நிற்காது; விண்ணப்பதாரர் நாடு கடத்தும் நீதிபதியின் முன்னால் போய் நிற்பார். தெரிந்தே பொய்யான அடைக்கல மனுப் போட்டார் என்று தீர்ப்பாகிவிட்டால், குடியேற்றச் சலுகைகளின் வாசல் அநேகமாக ஆயுள் முழுவதும் அடைபட்டுப் போகும். மெய்யாகவே அடைக்கலம் வேண்டியவருக்கோ வேறு விதமான கேடு. தேசத்துக்குள் வந்த ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டுமென்பது பொது விதி. தரகர் தாமதித்தால் அந்தக் கெடு போய்விடும்.

வக்கீல் பிழை செய்து வழக்குக் கெட்டுப்போனால், வழக்கை மறுபடி திறக்கும்படி கேட்க வழியுண்டு. 1988-இல் ஏற்பட்ட ஒரு தீர்ப்பு அதற்கு முறை வகுத்திருக்கிறது. ஆனால் வக்கீலல்லாதவரென்று அறிந்தே ஒருவரை நம்பியவருக்கு அந்தக் கதவு திறப்பது அரிது.

யாரை நம்பலாம்?

குடியேற்ற விஷயத்தில் கூலி வாங்கிக்கொண்டு யோசனை சொல்ல முக்கியமாக இரு வகையினருக்கே அதிகாரம் உண்டு. முதல் வகையினர் வக்கீல்கள். குடியேற்றச் சட்டம் மத்திய சர்க்காருடையது. ஆகவே எந்த ராஜ்யத்தில் பதிவான வக்கீலும் இந்த வேலையைச் செய்யலாம். அவர் பெயரை அந்த ராஜ்யத்து வக்கீல்களின் பதிவேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகையினர், நீதி இலாகாவின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள். இவர்கள் வக்கீல்களல்லர், ஆனால் குடியேற்றச் சட்டத்தில் பயிற்சியுள்ளவர்கள். தனியாகக் கடை வைக்க இவர்களுக்கு உரிமையில்லை. ஏழைகளுக்கு உதவும், லாப நோக்கமற்ற, அங்கீகரிக்கப்பட்ட ஸ்தாபனத்தின் மூலமாகவே உழைக்கவேண்டும். இவர்களிலும் பூரண அங்கீகாரம் பெற்றவரே நீதிபதியின் முன் தோன்றலாம். மற்றவர் மனுக்களை நடத்தும் இலாகாவின் முன் மட்டுமே தோன்றலாம். ஸ்தாபனங்களின் பெயர்களும் பிரதிநிதிகளின் பெயர்களும் நீதி இலாகாவின் ஜாபிதாவில் இருக்கின்றன.

மற்ற எவரும், நாம் சொல்லுகிறபடி விண்ணப்பத்தின் காலியிடங்களை நிரப்பலாம், மொழிபெயர்த்துத் தரலாம். இன்ன விண்ணப்பம் போடு என்று சொல்ல மட்டும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

உரைத்துப் பார்க்க ஓர் எளிய கல் உண்டு. 'ஜி-28' என்ற படிவத்தில் கையெழுத்திட்டுத்தான் பிரதிநிதி இலாகாவின் முன் தோன்றவேண்டும். "என் பெயர் எதற்கு? நீரே மனுச் செய்ததாக இருக்கட்டும்" என்று ஒருவர் நழுவினால், உடனே எழுந்து வந்துவிடுவது உத்தமம். வெற்றுக் காகிதத்தில் கையொப்பம் வைக்கலாகாது. மூல தஸ்தாவேஜுகளைக் கைவிடலாகாது. அனுப்பிய ஒவ்வொன்றின் நகலும், கொடுத்த பணத்துக்கு ரசீதும் வீட்டில் இருக்கவேண்டும். விண்ணப்பப் படிவங்களைச் சர்க்கார் தன் வலைத்தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அவற்றை விலைக்கு விற்பவரை நம்பவேண்டாம். "நிச்சயம் கிடைக்கும்" என்று வாக்களிப்பவரிடம் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நீதிபதியின் தீர்ப்பை முன்கூட்டிச் சொல்ல எந்த நேர்மையான வக்கீலாலும் முடியாது.

பெரிய மனிதரிடம் "உங்கள் அதிகாரப் பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவென்று நம்மவர்கள் கூசுவார்கள். நாலு பவுன் நகை வாங்கும்போது மாற்றுப் பார்க்க நாம் கூசுகிறோமா? யோக்கியமான தட்டானும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது அந்த அளவு எச்சரிக்கையாவது வேண்டாமா? பிள்ளைகளும் பெண்களும் அமெரிக்காவில் இருக்கப்பெற்ற பெற்றோர்கள், அடுத்த தடவை அவர்களோடு பேசும்போது, க்ஷேமம் விசாரித்த கையோடு இதையும் சொல்லி வைப்பது நலம்.