மலையுச்சியில் மூன்று சுற்று



ராட்சதனை ஏமாற்றிய சிறுமியின் கதை பல நாடுகளில் உண்டு. ஸ்காட்லாந்தின் மாலி வப்பி, ராட்சதனின் வாளையும் பணப்பையையும் மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு ஒற்றை மயிரிழைப் பாலத்தில் ஓடிவிடுகிறாள். அவனால் அதைக் கடக்க முடியாது. பௌத்தம் நமக்குத் தந்த அப்படியொரு கதை குண்டலகேசி.

ராசகிருகத்துச் செல்வர் மகள் பத்தா. கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்படும் கள்வனைக் கண்டு ஆசைப்படுகிறாள். அப்பா காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து அவனை மீட்கிறார். கள்வன் அரச புரோகிதரின் மகன் என்கிறது பாலி உரை. கதை சொல்லும்போது இதை விட்டுவிடாதீர்கள். திருமணத்துக்குப் பின் நகைக்காக அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போகிறான். தமிழ் மரபில் காரணம் வேறு. ஊடலில் 'நீ கள்வன்தானே' என்று சொல்லிவிட்டாள். எனக்கு இதுவே உண்மையாகப் படுகிறது. நகையைவிட அந்தச் சொல்தான் ஆணைச் சுடும்.

"சாகும் முன் உங்களை வலம்வந்து கும்பிட வேண்டும்" என்கிறாள். சம்மதிக்கிறான். மூன்று சுற்று. முதுகுப்புறம் வந்ததும் ஒரே தள்ளு.

உடல்பலத்தில் அவள் மோதவில்லை. மனைவி கணவனைக் கும்பிடுவாள் என்ற நியதியை அவன் முழுக்க நம்பினான். கும்பிடுகிறவளை யார் சந்தேகிப்பார்கள்? கைகட்டி நிற்கச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவள் சேரிப்பெண் அல்ல, பணக்கார வீட்டுப் பெண். அதையும் மறைக்க வேண்டியதில்லை. பிறகு சமணத் துறவியாகி, ஊர் ஊராக நாவல் கிளையை நட்டு வாதுக்கு அழைத்தாள். சாரிபுத்தரிடம் தோற்றுப் பிக்குணியானாள்.

நாதகுத்தனாரின் குண்டலகேசியில் எஞ்சியவை 19 பாடல்களே. கதையைக் காப்பாற்றித் தந்தது, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் உரை. அதன் நாயகி, நமக்கு அருகே திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் ஊரார் பேயென்று அஞ்சிய நீலி. சமணம் அவளை வாதக்காரியாக்கியது. அந்நூலில் அவளிடம் குண்டலகேசி தோற்கிறாள். எதிரியின் ஏட்டில் வேறென்ன நடக்கும்! 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், பிறர் எழுதிவைத்த கதைகளைத் திருப்பி வாசித்தார். எஞ்சிய ஏடுகளில் நமக்கும் அதே வேலை.

ஏடு நம் காலத்திலும் எழுதப்படுகிறது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயுற்றபோது, கைப்பேசி ஆலைப் பெண்கள் நம் பக்கத்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தார்கள். 'பணிவான பிள்ளைகள்' என்று நம்பி வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். அந்த இரவை அவர்கள் வாயால் கேட்டு எழுத, இங்குள்ள மாணவர்களில் யார் வருகிறீர்கள்?