பக்கத்துத் தோட்டத்து நாய் நம் ஆட்டைக் கடித்தால் நஷ்டஈடு உண்டா?

குர்பானிக்கென்று ஒரு வருடம் தீவனம் போட்டு வளர்த்த கிடா. ஃபஜ்ருக்குப் பிறகு பட்டிக்குப் போய்ப் பார்த்தால் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடக்கிறது. கடித்தது பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாய். கேட்டால், "வாயில்லா ஜீவன் செய்ததற்கு நான் என்ன செய்ய?" என்கிறார் நாய்க்காரர். அவரும் முஸ்லிமாக இருந்தால், பிராணிகள் செய்யும் சேதத்துக்கு ஈடு இல்லை என்ற ஹதீஸையும் எடுத்து வைப்பார்.

அந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் உரிமையாளரின் கவனக்குறைவு இல்லாதபோதுதான் அது பொருந்தும் என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து நாசம் செய்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடை செய்யும் சேதம் அதன் உரிமையாளர் பொறுப்பு என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் (அபூதாவூத்).

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஒரு பூனை மஸ்அலா வருகிறது. கோழி, புறாவைப் பிடிப்பது அந்தப் பூனையின் வழக்கம் என்று தெரிந்திருந்தால், இரவோ பகலோ உரிமையாளர் ஈடு தர வேண்டும். வழக்கம் இல்லையென்றால் இல்லை. கடிக்கும் பழக்கமுள்ள மற்ற பிராணிகளுக்கும் இதுவே சட்டம் என்கிறார்கள் விரிவுரையாளர்கள். ஆக, கேள்வி ஒன்றுதான்: இந்த நாய் கடிக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியுமா?

சிவில் நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே கேட்கும். தெரிந்தும் கட்டாமல் விட்டார் அல்லது கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபித்தால் நஷ்டஈடு கோரலாம். இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாய் கால்நடையைக் கொன்றால் முன்பே தெரியுமா என்று பார்ப்பதில்லை. பொதுவாக ஈடு தந்தாக வேண்டும். நம் 1871ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்தின் பட்டியலில் யானைகூட இருக்கிறது, நாய் இல்லை! பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவு (6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம்) மனிதருக்கு வரும் ஆபத்தைப் பற்றியது மட்டுமே.

ஆகவே முதல் முறை கோழியைக் கடித்தபோதே சாட்சி வைத்து எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. ஆடு செத்தால் புகைப்படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். கோபத்தில் நாய்க்கு விஷம் வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். 325ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

விலை பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். உயிர் நிலையாக இருக்கும்போதே அறுத்திருந்தால் இறைச்சி ஹலால். குறைந்த மதிப்பை மட்டும் கேட்கலாம். கடிபட்டே செத்திருந்தால் அதை உண்ணவும் கூடாது, விற்கவும் கூடாது. அப்போது அன்றைய சந்தை விலை முழுவதையும் கேட்க உரிமை உண்டு.