புதிய அணிக்கு எளிய திட்டம்
பள்ளிப் பிள்ளைகளின் ரக்பி ஆட்டம் பற்றிச் சில எண்ணங்கள்

நம்மவர் இல்லங்களில் பிள்ளைகளின் விளையாட்டு என்றால் அது கால்பந்து, கிரிக்கெட்டு, பூப்பந்து, சடுகுடு என்னும் நான்கிற்குள் அடங்கிவிடுவது வழக்கம். ஐந்தாவதாக ரக்பி என்றொரு பெயர் இக்காலத்தில் நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் கேட்கத் தொடங்கியிருக்கிறது. முட்டை வடிவான பந்து. அதைக் கையில் ஏந்தி ஓடும் பிள்ளை. அவனைப் பாய்ந்து பிடித்து வீழ்த்தும் எதிரணியார். இவ்வளவும் கேட்ட மாத்திரத்தில் தாய்மார் அஞ்சுவது இயல்பே. தந்தையரோ, "பாடம் படிக்கும் வயதில் இந்த முரட்டு ஆட்டம் எதற்கு?" என்பர். கொச்சங்காடியிலும் மட்டாஞ்சேரியின் பிற தெருக்களிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்விரண்டு வினாக்களும் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. பிழைக்க வந்த ஊரில் பிள்ளையின் கை ஒடிந்தால் வீடே தடுமாறும் என்பதை நாம் அறிவோம்.

எனினும் நாம் ஒன்று கூற விரும்புகிறோம். புதிதாக ஆட வரும் பிள்ளைக்கு நேரும் அடி, அச்சம், அவமானம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. களத்தில் தான் செய்யவேண்டியது யாது என்பது அவனுக்குத் தெரியாமையே அவ்வேர். அதைக் களைவதற்குப் பெரிய வித்தைகள் வேண்டா. எளிய திட்டம் ஒன்று போதும்.

முதலில் ஆட்டத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். இங்கிலாந்திலுள்ள ரக்பி என்னும் ஊரின் பள்ளியில் வளர்ந்தமையால் இவ்வாட்டம் அப்பெயர் பெற்றது. 1823ஆம் ஆண்டில் வெப் எல்லிஸ் என்னும் மாணாக்கர் கால்பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதே இதன் தொடக்கம் என்று ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. 1845ஆம் ஆண்டில் அப்பள்ளி மாணாக்கரே விதிகளை எழுதி வைத்தனர் என்பது மட்டும் உறுதி. ஆகவே பள்ளிப் பிள்ளைகள் தமக்காக வகுத்துக்கொண்ட ஆட்டம் இது எனலாம்.

இந்தியாவுக்கும் இதற்கும் உள்ள உறவு பழமையானது. கல்கத்தாவில் 1873ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ரக்பிச் சங்கம் ஒன்றை நிறுவினர். சில ஆண்டுகளில் அது நலிந்து கலைந்தது. கலையும்பொழுது வங்கியில் எஞ்சியிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அளித்தனர். மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும், யானை ஒன்று மூடியின்மேலும் அமைந்த அக்கிண்ணத்திற்காக 1879ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் போட்டியிட்டு வருகின்றன. அண்டை நாடான இலங்கையிலோ இது பள்ளிகளின் உயிர்நாடியாகவே ஆகிவிட்டது. கண்டியிலுள்ள திரித்துவக் கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் பிராட்பி கேடயத்திற்காக 1945ஆம் ஆண்டு முதல் மோதி வருவதை அங்கே உறவினரை உடைய நம் வாசகர் சிலர் அறிந்திருப்பர்.

ஆயினும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும் சான்று ஒடிசாவிலிருந்து கிடைக்கிறது. புவனேசுவரத்தில் பழங்குடிச் சிறார் தங்கிப் படிக்கும் கலிங்க சமூக அறிவியல் நிறுவனம் என்னும் கல்விச்சாலை இருக்கிறது. ரக்பியைக் கற்றுச் சில மாதங்களே ஆன அதன் மாணாக்கர் 2007ஆம் ஆண்டில் லண்டனுக்குச் சென்று, 14 வயதுக்குட்பட்டோருக்கான பன்னாட்டுப் போட்டியில் ஆடினர். இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க அணியை 19–5 என்னும் புள்ளிக் கணக்கில் வென்று கோப்பையுடன் திரும்பினர். அதே கல்விச்சாலையில் பயின்ற சுமித்ரா நாயக் என்னும் பெண், 2019ஆம் ஆண்டு சூனில் மணிலாவில் சிங்கப்பூருக்கு எதிராக இந்தியப் பெண்கள் அணிக்காக ஆடினார். அவர் இறுதிக் கட்டத்தில் உதைத்த பந்தே 21–19 என்னும் வெற்றியைத் தேடித் தந்தது. பதினைவர் ஆட்டத்தில் நம் பெண்கள் அணி பெற்ற முதல் வெற்றி அது. பிறந்த மண்ணை விட்டு வந்த பிள்ளைகள், புதிய ஆட்டம், குறுகிய காலம் ஆகிய மூன்றும் கூடியும் முயற்சி வீண்போகவில்லை என்பது இதனால் விளங்கும்.

இனி, ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்வோம். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தி வைத்தால் 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டத்திற்கு மேலாகப் பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் 2 புள்ளிகள். பந்தை முன்னோக்கி உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி வீசலாகாது. பக்கத்திலோ பின்னாலோ உள்ளவனுக்கே வீசவேண்டும். பந்தை வைத்திருப்பவனை மட்டுமே பிடித்து வீழ்த்தலாம். வீழ்ந்தவன் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். வீழ்த்தியவனும் அவனை விட்டு விலகவேண்டும். 15 பேர் ஆடும் ஆட்டமே பழைய முறை. எழுவர் ஆடும் முறையில் ஒரு பாதிக்கு 7 நிமிடங்களே. 2016ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் இடம் பெற்றிருப்பது இதுவே. விதிகள் குறைவாகத் தேவைப்படுவதால் புதிய பள்ளி அணிக்கு எழுவர் முறை ஏற்றது.

திட்டம் வகுக்கும் ஆசிரியர்கள் பலர் செய்யும் தவறு, பெரிய அணிகள் ஆடும் தந்திரங்கள் பத்தையும் பன்னிரண்டையும் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவதே. பாதி நினைவிலிருக்கும் பத்துத் தந்திரங்களைவிட, உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நான்கு கடமைகள் மேலானவை. அந்நான்கும் இவையே.

முதலாவது, நேராக ஓடுதல். பந்து கைக்கு வந்தவுடன் புதிய பிள்ளை எதிரியைக் கண்டு அஞ்சிப் பக்கவாட்டில் ஓடுவான். கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடி மூச்சிரைப்பானேயன்றி ஓரடியும் முன்னேறமாட்டான். தன்னோடு ஓடிவரும் தோழர்களுக்கு உரிய இடத்தையும் அவன் அடைத்துவிடுவான். ஆதலின் பந்தை இரு கைகளாலும் பற்றி இரண்டடியாவது நேரே முன்னேறு. அதன்பின் வேண்டுமானால் வீசு என்று கற்பிக்கவேண்டும்.

இரண்டாவது, பின்தொடர்தல். பந்தைப் பின்னோக்கியே வீசமுடியும் ஆதலால், உதவ வருபவன் பின்னால்தான் இருக்கவேண்டும். பந்தை ஏந்தியவனுக்கு வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன், மூன்று நான்கு அடி பின்தங்கி ஓடிவருதல் நலம். முன்னே போய் நின்று கைநீட்டும் பிள்ளையால் பயன் ஒன்றுமில்லை.

மூன்றாவது, வீழ்ந்தபின் பந்தைக் காத்தல். வீழ்பவன் தன் உடலை எதிரணிக்கும் பந்துக்கும் இடையே கிடத்திக் கைநீட்டிப் பந்தைத் தன் அணியின் பக்கமாக வைக்கவேண்டும். அருகிலுள்ள இருவர் விரைந்து வந்து, பந்தைத் தாண்டிக் காலூன்றி நின்று, எதிரிகளை அண்டவிடாது தடுக்கவேண்டும். மூன்றாமவன் பந்தை எடுத்து அடுத்தவனுக்கு வீசவேண்டும். மற்றவர் அனைவரும் அங்கே குவியாமல் பரந்து நிற்கவேண்டும். தேன்கூட்டை மொய்க்கும் ஈக்களைப்போல் எழுவரும் பந்தை மொய்ப்பதே புதிய அணியின் பெருங்குறை.

நான்காவது, வரிசை குலையாமல் தடுத்தல். இதற்கு நம் சடுகுடுவே நல்ல ஆசான். பாடி வருபவனைப் பிடிக்க நிற்போர் கைகோத்துச் சங்கிலியாக நகர்வதை நாம் பார்த்திருக்கிறோம். ஒருவன் மட்டும் முந்தினால் சங்கிலி அறுந்து வழி பிறக்கும். ரக்பியில் கைகோப்பது இல்லையெனினும், எழுவரும் ஒரே கோட்டில் ஒன்றாக முன்னேறவேண்டும் என்னும் நீதி ஒன்றே. இடைவெளி விட்டவனைவிட, வரிசையை விட்டு முந்தி ஓடியவனே அணிக்குக் கேடு செய்பவன்.

இந்நான்குடன் களத்தைப் பற்றிய ஒரு நினைவும் வேண்டும். மைதானத்தின் இரு முனைகளிலும் 22 மீட்டர் தொலைவில் கோடு வரைந்திருப்பர். நம் பக்கத்துக் கோட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டால் பலமுறை வீசிப் பார்க்கலாகாது; உதைக்க வல்ல ஒருவனிடம் பந்தைச் சேர்த்து வெளியேற்றிவிட வேண்டும். நடுப்பகுதியில் நேராக ஓடிப் பந்தைக் காக்கவேண்டும். எதிரணியின் கோட்டுக்குள் சென்றபின் உதைக்கவே கூடாது; பொறுமையாக, வீழ்ந்து எழுந்து, அடி அடியாக முன்னேறவேண்டும். ஆபத்தில் வெளியேற்று, நடுவில் காப்பாற்று, அருகில் பொறுத்திரு. களம் முழுவதற்கும் இம்மூன்று சொற்கள் போதும்.

சொற்கள் என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எனப் பல தாய்மொழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். களத்தில் ஓடும்பொழுது ஒவ்வொருவனும் தன் மொழியில் கூவினால் குழப்பமே மிஞ்சும். ஆனால் "நேரே", "பிடி", "வா" என்னும் சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. வலது, இடது என்பவையும் "வலத்து", "இடத்து" என்று சிறிதே திரிந்து ஒலிக்கின்றன. இந்த ஐந்து சொற்களையே அணியின் கட்டளைகளாக வைத்துக்கொண்டால், நேற்று ஊரிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்ப் பிள்ளையும் இன்றே ஆட்டத்தில் கலந்துகொள்ளலாம். வகுப்பில் மொழி தெரியாமல் ஒதுங்கி நிற்கும் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் உண்டோ?

யாருக்கு எந்த வேலை என்பதையும் திட்டமே தீர்மானிக்கவேண்டும். எழுவர் ஆட்டத்தில் மும்மூவர் தோள்கோத்துத் தள்ளும் இடத்திற்கு உடல்வலி மிக்கவர் ஏற்றவர். விரைந்தோடுபவர் ஓரங்களில் நிற்கட்டும். குள்ளமாகவும் கூச்சமுடையவனாகவும் இருக்கும் பிள்ளையைப் பெரும்பாலும் வெளியே உட்கார வைத்துவிடுவர். அது பிழை. கீழே கிடக்கும் பந்தை எடுத்துச் செம்மையாக வீசும் பணிக்குக் குனியத் தெரிந்தவனும் நிதானம் உடையவனுமே வேண்டும். அவன் பெரும்பாலும் அச்சிறுவனாகவே இருப்பான்.

பயிற்சியை நடந்தே தொடங்கலாம். எதிரிகள் இன்றி எழுவரும் நடந்தவாறு வீசிப் பழகியபின் மெல்ல ஓடட்டும். பிறகு நால்வருக்கு எதிராக இருவரை நிறுத்தலாம். சூன் முதல் பெய்யும் நம் ஊர் மழையில் பந்து வழுக்கும். அந்நாட்களில் நீண்ட வீச்சுகளை விலக்கி, அருகிலிருப்பவனிடம் கைக்குக் கையாகக் கொடுப்பதே தக்கது. கோட்டைக் கொச்சியின் பரேடு மைதானம் போன்ற திறந்த வெளி கிடைக்காவிடினும், பள்ளி முற்றத்தில் பாதி அளவு இடத்தில் நான்கு கடமைகளையும் பழகலாம்.

இனி, தாய்மாரின் அச்சத்திற்கு விடை கூறுவோம். வீழ்த்தும் முறையை முதலில் முழங்காலிட்டும், பிறகு நடந்தும், இறுதியில் ஓடியும் பழக்கவேண்டும். பிடிப்பவன் இடுப்பளவிலோ அதற்குக் கீழோ இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்கவேண்டும். அவன் தலை, ஓடிவருபவனின் உடலுக்கு முன்னே அகப்படாமல் பக்கவாட்டில் இருக்கவேண்டும். தோளுக்கு மேல் பிடிப்பது குற்றம். பல்லுறை இன்றிக் களத்தில் இறக்கலாகாது. தலையில் அடிபட்டு மயக்கமோ தடுமாற்றமோ வாந்தியோ மறதியோ காணப்பட்டால், அன்று அப்பிள்ளை மீண்டும் ஆடவே கூடாது, மருத்துவரிடம் காட்டவேண்டும். கோப்பை கைநழுவினாலும் இவ்விதி நழுவலாகாது. இவற்றைப் பின்பற்றாத பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்ப மறுப்பது பெற்றோரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். தம் பிள்ளையை அனுப்புமுன் பள்ளிக்குச் சென்று, இவற்றையெல்லாம் ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேட்பதில் நம்மவர் கூச்சப்படலாகாது.

தந்தையரின் வினாவுக்கும் விடை உண்டு. இவ்வாட்டத்தில் முன்னே ஓடுபவன் பின்னே வருபவனை நம்பியே வீழ்கிறான். தான் வீழ்ந்தாலும் பந்து வீழாது, அதை எடுக்க இருவர் வருவர் என்னும் உறுதி அவனுக்கு இருக்கிறது. அந்நிய ஊரில் வாழும் குடும்பங்களுக்கு இந்நம்பிக்கையின் அருமை சொல்லித் தெரியவேண்டியதன்று. அண்டை வீட்டாரையும் ஊராரையும் நம்பி அன்றோ நாம் இங்கு வேரூன்றினோம்? அதைப் பிள்ளைகள் மைதானத்திலேயே கற்றுக்கொள்வது வீண் பொழுதாகாது.

முதல் ஆண்டில் தோல்விகள் வரும். பெரிய பள்ளிகளின் அணிகள் முப்பது நாற்பது புள்ளிகள் அடிப்பதும் உண்டு. அப்பொழுது வெற்றி தோல்வியைக் கேளாமல், "இன்று எத்தனை முறை நேராக ஓடினாய்? எத்தனை முறை வீழ்ந்தவனுக்கு உதவ ஓடினாய்?" என்று வீட்டில் கேட்டுப் பழகுவோமாக. அவ்வெண்ணிக்கை வாரந்தோறும் உயருமானால் அணி வளர்கிறது என்பதே பொருள். எளிய திட்டத்தை ஏந்தி, ஐந்து சொற்களைக் கூவி, நம் பிள்ளைகள் பிற பிள்ளைகளோடு தோள்சேர்ந்து ஓடட்டும். எல்லைக் கோட்டருகே நின்று கடிந்து கூவாமல் கைதட்டுவது நம் பங்காகட்டும்.