தானே எரியும் விளக்கு... தானே நிற்கும் மோட்டார்! உங்கள் வீட்டுக்கு எது தேவை?

"வாயால சொன்னா லைட் எரியுதாம்! ஆபீஸ்ல இருந்தே ஏ.சி. போடலாமாம்!"

பக்கத்து ஃபிளாட்டில் புதிதாக மாட்டியதைப் பற்றி உங்கள் வீட்டிலும் பேச்சு நடக்கிறதா? 'நாமளும் போட்டா என்ன?' என்று பிள்ளை கேட்பான். 'எழுந்து சுவிட்ச் போடக்கூட உடம்பு வளையலையா?' என்று தாத்தா முணுமுணுப்பார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. செலவு செய்யப் போகிறவர் நீங்கள். அதனால் நிதானமாக யோசிப்போம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'ஆட்டோமேஷன்' என்பது நேற்று வந்த சமாசாரம் இல்லை. உங்கள் சமையலறையில் இருக்கும் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரும் அதே வகைதான்! 1955-ல் ஜப்பானில் டோஷிபா கம்பெனி, சாதம் வெந்ததும் தானாக அணையும் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தில் ஓர் உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்! இன்டர்நெட் இல்லை, செல்போன் இல்லை. ஆனால் சாதம் அடிப்பிடிக்குமோ என்று அடுப்படியில் காத்துக் கிடந்த பெண்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை!

அந்தக் குக்கரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் மறக்கக்கூடிய, மறந்தால் நஷ்டமோ ஆபத்தோ வரக்கூடிய வேலையை ஒரு கருவி செய்தால், அது உபயோகமானது. மற்றதெல்லாம் ஆடம்பரம்!

இரவில் விழாமல் காக்கும் விளக்கு

உலகம் முழுவதும் கீழே விழுவதால் மட்டும் ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். சர்க்கரை நோய், ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார்கள். 'மத்தவங்க தூக்கம் கெடுமே' என்று விளக்கைப் போடாமல் தடவிக்கொண்டே போவார்கள். அங்கேதான் வினை!

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறிய விளக்கு இதற்குச் சரியான மருந்து. விலையும் சில நூறு ரூபாய்தான். கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில், முழங்காலுக்குக் கீழே, கண் கூசாத மஞ்சள் வெளிச்சமாக மாட்டுங்கள்.

இரண்டு விஷயம் மட்டும் கவனம். இந்த சென்சார், உடம்புச் சூடு நகர்வதைத்தான் உணரும். அசையாமல் உட்கார்ந்தால் ஆள் இல்லை என்று நினைத்து அணைந்துவிடும். டாய்லெட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் திடீரென்று இருட்டில் மாட்டிக்கொண்டால்? அதனால் பாத்ரூமுக்குள் சாதாரண சுவிட்சே இருக்கட்டும். இரண்டாவது, கோடையில் அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது சென்சாரின் உணர்வு மந்தமாகும். மாட்டிய பிறகு மே மாதத்தில் ஒரு தடவை நடந்து பார்த்துச் சோதியுங்கள்.

பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு நடக்க வேண்டும். இதை எந்தக் கருவியும் செய்யாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்!

மோட்டாரும் கொசுவும்

மொட்டை மாடித் தொட்டி வழிந்து, கீழ் வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகு ஓடிப் போய் மோட்டாரை நிறுத்துவது எத்தனை வீட்டில் தினசரி நாடகம்! தண்ணீர் மட்டம் பார்த்துத் தானே நிற்கும் கன்ட்ரோலர் இதற்கு முற்றுப்புள்ளி வைக்கும். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகாமல் காக்கும் வசதியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இதில் ஆரோக்கியமும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தொட்டி வழிந்து, மாடியில் கிடக்கும் உடைந்த பூந்தொட்டியில் தேங்கினால் கொசுவுக்குக் கொண்டாட்டம்! சென்சார் வயரை உள்ளே விட தொட்டி மூடியில் ஓட்டை போடுவார்கள். அதை அடைக்காமல் எலெக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள். கொசு நுழைய அந்த ஓட்டையே போதும்.

உயிர் காக்கும் இரண்டு பேர்

கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். ஆனால் வயதானால் மோப்ப சக்தி குறையும். ஜலதோஷம் பிடித்தாலும் அப்படியே. தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் கேஸ் அலாரம் வீண் செலவே அல்ல. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கீழே படியும். அதனால் அலாரத்தைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு என்றால் நேர்மாறு! அது லேசானது, மேலே போகும். கூரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

அலாரம் அடித்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் போட ஓடாதீர்கள்! எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஒரு சின்னப் பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள். சிலிண்டர் கேஸ் கசிவுக்கான அவசர எண் இது.

இன்னொருவர் உங்கள் மெயின் போர்டில் இருக்க வேண்டியவர். ஆர்.சி.சி.பி. என்பார்கள். 'எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கே' என்று நினைத்துவிடாதீர்கள். எம்.சி.பி. காப்பது வயரை. மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் பூமிக்குப் போகும்போது கண் இமைக்கும் நேரத்தில் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியது வேண்டும். பேசும் விளக்குக்குச் செலவழிக்கும் முன் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

காசு மிச்சமாகுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. பல்பை ஓர் இரவு, 10 மணி நேரம் மறந்துவிட்டீர்கள். செலவு 90 வாட் மணி. இப்படி 11 இரவு மறந்தால்தான் ஒரு யூனிட்! செல்போனில் அணைக்கும் விலையுயர்ந்த பல்பு வாங்கி இதை மிச்சம் பிடிக்க முடியுமா? ஆனால் 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் சூடேறினாலே ஒரு யூனிட். அதற்கு டைமர் போட்டால் பலன் உண்டு. 16 ஆம்பியர் தாங்கும் டைமராக வாங்குங்கள்.

ஃபேனிலும் அப்படித்தான். ரிமோட்டால் மிச்சமில்லை, மோட்டாரால்தான் மிச்சம்! பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 35 வாட்டுக்குள் முடித்துவிடும். தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட் குறையும். ஏ.சி.யை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. தூங்கிய பின் ஏ.சி.யை நிறுத்தும் டைமர் உங்கள் பழைய ரிமோட்டிலேயே இருக்கும். தேடிப் பாருங்கள்!

யாருக்கு நல்லது... யாருக்குக் கெடுதல்?

பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர், மூட்டுவலியால் எழ முடியாதவர், பார்வை மங்கியவர்... இவர்களுக்கு வாயால் சொல்லி விளக்குப் போடுவது சொகுசு இல்லை, சுயமரியாதை. 'ஒரு ஃபேன் போடறதுக்குக் கூட மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கே' என்ற குறை தீரும். வாங்கும் முன், பாட்டி பேசும் தமிழ் அதற்குப் புரிகிறதா என்று கடையிலேயே பேசவிட்டுப் பாருங்கள்.

ஆனால் நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் 45 வயதுக்காரருக்கு? சுவிட்சுக்கு எழுந்து போகும் பத்தடிதான் அவர் உடம்புக்குக் கிடைக்கும் சின்ன அசைவு. அதையும் பிடுங்கிவிடாதீர்கள்!

மாத்திரை நேரத்தைக் கருவி ஞாபகப்படுத்தும். விழுங்கினாரா என்று அதற்குத் தெரியாது. ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள மாத்திரை டப்பா அதைக் காட்டிவிடும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மா வீட்டில் கேமரா வைக்க ஆசையா? முதலில் அவர்களைக் கேளுங்கள். வாசலிலும் ஹாலிலும் வைக்கலாம். படுக்கையறை, பாத்ரூம் பக்கம் வேண்டவே வேண்டாம். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களுக்குள்தான் உலகம் முழுக்கப் புகுந்தது. முக்கியமாக, கேமராவில் பார்த்துவிட்டோமே என்று தினசரி போனை நிறுத்திவிடாதீர்கள்!

வாங்கும் முன் கேளுங்கள்

* கரன்ட் போய் வந்தால் என்ன ஆகும்? நடுராத்திரியில் எல்லா விளக்கும் தானாக எரியுமா?

* இன்டர்நெட் இல்லாவிட்டாலும் சுவரில் இருக்கும் சுவிட்சால் இயங்குமா?

* கம்பெனி கடையை மூடினால்? அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற கருவியின் சேவையை 2016 மே மாதம் நிறுத்தினார்கள். சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது.

* வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும், ஊரிலிருந்து வருகிற மாமாவுக்கும் சொல்லிக் கொடுக்காமலே இயக்கத் தெரியுமா?

நாலுக்கும் திருப்தியான பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள்.

அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை. இந்தப் பக்கத்தை மூடியதும் மெயின் போர்டுக்குப் போங்கள். 'டெஸ்ட்' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கிறதா? அழுத்துங்கள். டப்பென்று கரன்ட் போக வேண்டும். போனால் சந்தோஷமாகத் திரும்பப் போட்டுவிட்டு, மாதம் ஒரு தடவை இதே போலச் செய்து பாருங்கள். போகவில்லையா, பட்டனே இல்லையா? நாளைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பேசும் விளக்கு அடுத்த தீபாவளிக்கு வரட்டும்!