இணையத்தளத் தணிக்கையும் செயற்கை நுண்ணறிவும்

நுழையும்முன்

நூலகத்தில் ஒரு நூல் இருந்தும் அதன் பெயர் நூற்பட்டியலில் இடம்பெறவில்லையெனில், வாசகர் அதனைக் கண்டெடுப்பது அரிது. இணையத்தளத்திற்கும் இது பொருந்தும். தேடுபொறிக்குப் புலப்படாத தளம் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். அத்தகைய தளத்தின் குறைகளைக் கண்டறிய இன்று செயற்கை நுண்ணறிவு முகவர் துணைபுரிகிறது. அதன் செயல்முறையையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

தேடுபொறியின் மூன்று பணிகள்

டிம் பெர்னர்ஸ் லீ, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய உலகின் முதல் இணையத்தளம் 1991ஆம் ஆண்டு பொதுப் பார்வைக்கு வந்தது. பின்னர்த் தளங்கள் பெருகப் பெருக, வேண்டிய பக்கத்தைத் தேடித்தரும் பொறியின் தேவையும் பெருகியது. லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் இணைப்பால் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் சிறப்பு யாது என்பவற்றைக் கொண்டு அதன் தகுதியை மதிப்பிடும் முறையை அவர்கள் வகுத்தனர்.

தேடுபொறி மூன்று பணிகளைச் செய்கிறது. முதலில், தானியங்கு நிரல் ஒன்றை அனுப்பிப் பக்கங்களைப் படிக்கிறது. அடுத்து, படித்தவற்றைப் பட்டியலிட்டுச் சேமிக்கிறது. இறுதியாக, தேடுவோர் வினவும்போது பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இம்மூன்றும் தடையின்றி நிகழுமாறு தளத்தைச் செம்மைப்படுத்துவதே தேடுபொறி உகப்பாக்கம் எனப்படும்.

தணிக்கையில் காண்பன

தளம் எந்நிலையில் உள்ளது என ஆராய்வது தணிக்கை. பக்கத்திற்கு உரிய தலைப்பு உள்ளதா? இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் திறக்கிறதா, அன்றிப் பக்கம் இல்லை எனக் குறிக்கும் 404 என்னும் எண் தோன்றுகிறதா? படத்திற்கு விளக்கவுரை உண்டா? கைப்பேசியில் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா? இவை தணிக்கையின் வினாக்களுள் சில. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்றுதல் நன்று என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல்.

முகவர் என்பது யாது?

வழக்கமான தணிக்கைக் கருவி, முன்பே எழுதப்பட்ட சோதனைகளை அதே வரிசையில் செய்து முடிக்கும். முகவரின் இயல்பு வேறு. பெரிய மொழி மாதிரியை அடிப்படையாகக் கொண்ட அது, மக்கள் பேசும் மொழியிலேயே கட்டளையைப் பெறுகிறது. “இத்தளம் தேடலில் வராத காரணத்தைக் கண்டறிக” எனப் பணித்தால், அப்பணியைப் படிநிலைகளாகப் பிரித்துக்கொள்கிறது. தளத்தின் கோப்புகளைப் படிக்கிறது. வேகத்தை அளக்கும் கருவியை இயக்குகிறது. கிடைத்த முடிவைக் கொண்டு அடுத்த படியைத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக, 400 பக்கங்களில் தலைப்பு இல்லையெனில், வழக்கமான கருவி 400 பிழைகளைப் பட்டியலிடும். முகவரோ, அவை அனைத்தும் ஒரே வார்ப்புருவிலிருந்து தோன்றியவை என உய்த்துணர்ந்து, அந்த ஓரிடத்தைத் திருத்தினால் போதும் எனப் பரிந்துரைக்க இயலும்.

தெரியுமா?

ஒருங்குறிக்கு முன்னர்த் தமிழுக்குப் பல்வேறு எழுத்துருக் குறியேற்றங்கள் வழங்கின. அவற்றில் அமைந்த பக்கம், உரிய எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். தேடுபொறிக்கோ பொருளற்ற குறிகளாகவே தோன்றும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

ஒரு சாய்கோடு

தேடுபொறியின் நிரல் தளத்தில் எவ்வெப் பகுதிகளைப் படிக்கலாம் என அறிவிக்கும் சிறு கோப்பு ‘ரோபோட்ஸ்’ எனப்படும். இவ்வழக்கத்தை 1994ஆம் ஆண்டு மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். இக்கோப்பில் ‘தடை’ என்னும் கட்டளைச் சொல்லுக்குப் பின் வெற்றிடம் இருந்தால் எதற்கும் தடையில்லை என்பது பொருள். அங்கே ஒரு சாய்கோடு மட்டும் இருந்தால், தளம் முழுவதற்கும் தடை என்பது பொருள். அதனை மதிக்கும் நிரல், ஒரு பக்கத்தையும் படிக்காமல் திரும்பிவிடும்.

தளத்தை உருவாக்கும் காலத்தில் இட்ட இத்தடையை, வெளியிடும் நாளில் நீக்க மறப்பதுண்டு. முகவர் இதனை நொடிப்பொழுதில் கண்டறியும். ஆயினும், இன்னும் சோதனையில் உள்ள தளத்தில் அதே சாய்கோடு, அறிந்தே இட்ட வேலியாகும். ஓரிடத்தில் பிழையாவது மற்றோரிடத்தில் காப்பாகிறது. இடும் எழுத்து ஒன்றே. இட்டவர் கருத்து வேறு. அக்கருத்து கோப்பில் எழுதப்படுவதில்லை. எனவே, திருத்தும் உரிமையையும் முகவரிடம் ஒப்படைத்தால், வேண்டிய வேலியையும் அது பிழையெனப் பிடுங்கிவிடக்கூடும்.

கவனத்திற்குரியவை

மொழி மாதிரிகள், அளக்காத ஒன்றை அளந்ததுபோல் உரைப்பதும் உண்டு. ஆதலால் ஒவ்வொரு குறைக்கும் பக்க முகவரியையும் அளவீட்டையும் சான்றாகக் கேட்டுப் பெறுதல் வேண்டும். பக்கத்தினுள் எவரேனும் மறைத்து எழுதிய வரியை, தனக்கிட்ட கட்டளையென முகவர் மயங்குதலும் கூடும். எனவே, முதலில் படிக்கும் உரிமையை மட்டும் வழங்குதல், திருத்தங்களை உரிய பொறுப்பாளர் ஒப்புதலுக்குப் பின்னரே செய்தல், பழைய கோப்பின் படியைப் பாதுகாத்தல் ஆகியன இன்றியமையாத நெறிகளாகும்.

தணிக்கை, தளத்தைக் காணும் வழியைச் சீராக்குகிறது. அவ்வழியே வந்தவர் படிக்கும் செய்தி உண்மையானதா, பயனுள்ளதா என்பது எழுதியவரைப் பொறுத்தது. குறையைச் சுட்டுதல் கருவியின் பணி. அது குறைதானா எனத் தெளிந்து, திருத்தத்திற்குப் பொறுப்பேற்றல் மனிதரின் கடமை.