பழைய ரிமோட் கார், பல் போன டிஃபரன்ஷியல்

அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ பரணில் ஏறித் துழாவினால், எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த ரிமோட் கார் சில வீடுகளில் இன்னும் அகப்படும். பேட்டரி மாற்றி, அறுந்த ஒயரைப் பற்றவைத்தால் மோட்டார் சுற்றிவிடும். மோட்டார் சுற்றியும் வண்டி நகராமல் கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால், கோளாறு பெரும்பாலும் கியர் பெட்டிக்குள். அதிலும் ஆள் அலைய வேண்டியிருப்பது டிஃபரன்ஷியல் பல் போனால்தான்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்றால், ஒரு முழு வட்டத்துக்கு அந்த வித்தியாசம் ஏறத்தாழ 1.26 மீட்டர். வட்டம் பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது. இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். அதன் கூட்டுக்குள் இரண்டு பெரிய கூம்புப் பல்சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னதாகச் சில. டிராக்டர் மெக்கானிக்கிடம் காட்டினால் அந்தச் சின்னதை ‘ஸ்டார் பினியன்’ என்று சட்டென்று சொல்லிவிடுவார். அளவுதான் வேறு, வேலை ஒன்றே.

உதிரி தேடுமுன் போனது எது என்று பார்த்துவிட வேண்டும். வண்டியைத் தூக்கிப் பிடித்து, மோட்டார் சுற்றாத நிலையில் ஒரு பின்சக்கரத்தைக் கையால் முன்பக்கம் சுற்றுங்கள். மற்றது அதே அளவு பின்பக்கம் சுற்றினால் டிஃபரன்ஷியல் நன்றாகவே இருக்கிறது. இடையில் ‘டக் டக்’ என்று துள்ளினால் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. மற்ற சக்கரம் அசையவே இல்லை என்றால் அச்சையும் இணைப்பையும் சந்தேகப்படுங்கள். டாமியா நிறுவனத்தின் ‘ஃபிராக்’ காரில் சக்கரத்துக்குப் போகும் தண்டின் அறுகோண முனை உருண்டு போவது வழக்கம். அந்த வண்டிக்கு டிஃபரன்ஷியல் வாங்கிப் போட்டுப் பயனில்லை.

அடுத்தது அடையாளம். பெரும்பாலோர் காரின் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள், கிடைக்காமல் விட்டுவிடுகிறார்கள். தேட வேண்டியது கியர் பெட்டியின் குடும்பத்தை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா 1976 முதல் ரிமோட் கார் செய்கிறது. ஒரே கியர் பெட்டியைப் பல வண்டிகளில் மாட்டுவது அதன் வழக்கம். 1984-இல் வந்த ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’ இரண்டிலும் கியர் பெட்டி ஒன்றுதான். மோட்டாரும் அதன் பினியனும்தான் வேறு. ‘ஃபிராக்’, ‘சுபாரு பிராட்’, ‘பிளாக்ஃபுட்’, ‘மான்ஸ்டர் பீட்டில்’ நான்கும் இன்னொரு குடும்பம். ஆகவே ஹார்னெட்டுக்குக் கிடைக்காத பல்சக்கரம் கிராஸ்ஹாப்பர் பெயரில் கிடைக்கலாம்.

இதைவிடப் பெரிய நல்ல செய்தி, அந்த நிறுவனமே பழைய வண்டிகளை மறுபடி வெளியிட்டிருப்பது. ஹார்னெட் 2004-இலும், கிராஸ்ஹாப்பரும் ஃபிராக்கும் 2005-இலும், ‘ஹாட்ஷாட்’ 2007-இலும் திரும்ப வந்தன. பழைய ஹார்னெட் பெட்டியில் 58045 என்ற எண் இருக்கும். மறுவெளியீட்டின் எண் 58336. உதிரி கேட்கும்போது புதிய எண்ணையும் சேர்த்துச் சொன்னால் கியர் பை முழுசாகவே கிடைக்க வாய்ப்புண்டு. மறுவெளியீட்டில் சில பாகங்களை மாற்றியிருக்கலாம் என்பதால், இரண்டின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நாற்பது வருடம் பிரிக்காத அசல் பாக்கெட் என்று அதிக விலை சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஓடாவிட்டாலும் பிளாஸ்டிக்குக்கு வயதாகும். அலமாரியில் வைக்க அது சரி, மண்ணில் ஓட்ட மறுவெளியீட்டுச் சக்கரமே மேல்.

எப்படி வரவழைப்பது? வெளிநாட்டுப் பார்சலில் வந்தால் சுங்க வரியைக் கணக்கில் வையுங்கள். பொம்மைக்கான அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-இல் 70 ஆக்கினார்கள். விகிதம் மாறக்கூடியது, அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. சின்னப் பல்சக்கரத்துக்கு அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்து அதன் விலையைத் தாண்டிவிடும். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வேறு வழியும் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் வருகிறது, ஊருக்கு வரும் உறவுக்காரரும் இருப்பார். அவரைக் கடைகடையாக அலைய விடாதீர்கள். உதிரியின் எண்ணையும் படத்தையும் அனுப்பி, அங்கே அவர் வீட்டு முகவரிக்கே ஆர்டர் போட்டுவிட்டால் கைப்பையில் கொண்டுவந்துவிடுவார்.

பெயரோ எண்ணோ தெரியாத வண்டிக்கு அளவுதான் துணை. பல்சக்கரத்தின் வெளிவிட்டத்தை வெர்னியரில் மி.மீ. கணக்கில் அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்தால், பல்லின் அளவைச் சொல்லும் மாட்யூல் வரும். நேர்ப்பல் சக்கரத்துக்கான கணக்கு இது. 48 பல், 40 மி.மீ. விட்டம் என்றால் 40-ஐ 50 ஆல் வகுக்க 0.8. ஜப்பானிய வண்டிகள் மாட்யூல் கணக்கில் வரும். அமெரிக்க வண்டிகளுக்கு அங்குலக் கணக்கான ‘பிட்ச்’. 32 பிட்ச் என்பது 0.794 மாட்யூல், 0.8 உடன் ஓரளவு ஒத்துப்போகும். 48 பிட்ச் 0.529. அதை 0.5 மாட்யூலோடு கோத்தால் கையால் சுற்றும்போது சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஓட்டினால் பல்லைத் தின்றுவிடும்.

லேத் பட்டறையில் அச்சு, புஷ், வாஷர் எல்லாம் தாராளமாகக் கடைந்து வாங்கலாம். பல் வெட்டுவது அப்படியில்லை. பம்புக்கும் டிராக்டருக்கும் பல் வெட்டும் இடங்களில் இத்தனை சிறிய மாட்யூலுக்குக் கட்டர் இருப்பது அபூர்வம். கூம்புப் பல் என்றால் இன்னும் கஷ்டம். நைலான் பொடியில் முப்பரிமாண அச்சு எடுப்பது கடைசி வழி. பிளாஸ்டிக் இழையில் அச்சடிக்கும் மலிவான எந்திரத்தில் இவ்வளவு சிறிய பல் சரியாக விழுவதில்லை. நிக்கோ, டாயோ போன்ற கடைப் பொம்மை வண்டிகளுக்கு, அதே மாதிரியில் செத்த வண்டி ஒன்றைப் பிடித்துப் பிரிப்பதே லாபம். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் தேடலாமே என்பார்கள். விளக்கு வாங்கப் போகிற நாளில் எட்டிப் பார்க்கலாம், இதற்கென்று போக வேண்டாம்.

டிஃபரன்ஷியலைத் தாங்கும் பேரிங்கிற்கு இத்தனை பாடு இல்லை. பழைய வண்டிகள் பலவற்றில் பிளாஸ்டிக் புஷ்தான் இருக்கும். உள்விட்டம் 5, வெளிவிட்டம் 11, தடிமன் 4 மி.மீ. என்றால் பேரிங் கடையில் எம்ஆர் 115 என்று கேளுங்கள்.

கூம்புப் பல்லுக்குப் பதில் குண்டு வைத்த டிஃபரன்ஷியல்களும் உண்டு. அங்கே தேய்வது குண்டும் அதை அழுத்தும் வளையமும். வளையத்தில் வரி விழுந்திருந்தால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், மறுபக்கம் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். குண்டுகளை ஒரே பாக்கெட்டிலிருந்து மொத்தமாக மாற்ற வேண்டும். பழசும் புதுசும் கலந்தால் பெரியது மட்டும் சுமை தாங்கும். குண்டு வகைக்கு சிலிக்கான் கிரீஸ் போதும். கூம்புப் பல்லிலும் ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள். கூட்டுக்குள் உடைந்த துணுக்கு ஒன்றுகூட மிஞ்சாதபடி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே புதிய சக்கரம் ஏற வேண்டும்.